முதல் ஆளுக்குப் பறக்கும், இரண்டாம் ஆளுக்கு நகராது: பழைய டேட்டாபேஸ் மென்பொருள்கள் சர்வரில் திணறுவது ஏன்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டிப் பல அலுவலகங்கள் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துவிட்டுப் புதிதாக வாங்கின. சில இடங்களில் சர்வரும் மாறியது. வேகம் கூடியிருக்க வேண்டும். ஆனால் ஃபாக்ஸ்ப்ரோ, கிளிப்பர், ஆக்சஸ் ஆகிய டேட்டாபேஸ் கருவிகளில் எழுதிய பில்லிங், ஸ்டாக், சம்பளக் கணக்கு மென்பொருள்கள் இன்னும் ஓடும் இடங்களில் புகார் தலைகீழாக வருகிறது. முன்பு எண்டர் தட்டியதும் வந்த திரை, இப்போது அரை நிமிடம் யோசிக்கிறது.

நெட்வொர்க் பார்ப்பவரைக் கூப்பிட்டால் 1 ஜிபி கோப்பு ஒன்றைச் சர்வரிலிருந்து காப்பி செய்து காட்டுவார். பத்து நொடியில் முடிந்துவிடும். "லைன் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் சாஃப்ட்வேர்தான் பழசு" என்று சொல்லிவிட்டுப் போவார். லைன் நன்றாக இருப்பது உண்மை. மென்பொருள் மெதுவாக இருப்பதும் உண்மை. இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, இந்த மென்பொருள்கள் சர்வரிடம் எப்படி வேலை வாங்குகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சர்வர் இங்கே வெறும் அலமாரி

இன்றைய டேட்டாபேஸ்களில் கேள்வி சர்வருக்குப் போகும், பதில் திரும்பி வரும். "4512-ஆம் எண் வாடிக்கையாளரின் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால், சர்வரில் ஓடும் புரோகிராம் தேடி எடுத்து ஒரே ஒரு வரியை அனுப்பும்.

ஃபாக்ஸ்ப்ரோ அப்படி இல்லை. அதன் டேபிள் ஒரு டி.பி.எஃப். கோப்பு, எந்த ரெக்கார்டு எங்கே இருக்கிறது என்று காட்டும் இண்டெக்ஸ் ஒரு சி.டி.எக்ஸ். கோப்பு, நீண்ட குறிப்புகள் இருந்தால் எஃப்.பி.டி. என்று இன்னொன்று. இவை சர்வரில் ஒரு ஷேர் ஃபோல்டரில் கிடக்கின்றன. தேடுகிற மூளை மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில். சர்வருக்கு வாடிக்கையாளர் என்றால் என்ன, பாக்கி என்றால் என்ன என்று எதுவும் தெரியாது. "இந்தக் கோப்பில் இத்தனையாவது பைட்டிலிருந்து இவ்வளவு கொடு" என்று கேட்டால் கொடுக்கும், அவ்வளவுதான். ஆக்சஸின் எம்.டி.பி. கோப்பும் இப்படித்தான்.

இந்தப் பரம்பரை பழையது. ஆஷ்டன்-டேட் நிறுவனத்தின் டிபேஸ் 1980-களின் தொடக்கத்தில் டி.பி.எஃப். வடிவத்தைப் பரப்பியது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் அதே வடிவத்தில் ஃபாக்ஸ்ப்ரோவைச் செய்தது. 1992-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. கடைசிப் பதிப்பான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9, 2004-இல் வந்தது. அதற்கான ஆதரவு 2015 ஜனவரி 13-உடன் நின்றது. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டர்களில் இதைப் படித்துவிட்டு வந்தவர்கள் எழுதிக் கொடுத்த புரோகிராம்களே இன்றும் பல கடைகளில் பில் அடிக்கின்றன.

மேசைக் கம்ப்யூட்டர் சர்வரிடம் ஒரு தடவை கேட்டு, பதில் வாங்கி வருவதை இந்தக் கட்டுரையில் ஒரு "நடை" என்று சொல்வோம். இனி எல்லாம் இந்த நடைக் கணக்குதான்.

நடைக்கு ஆகும் நேரம்

மூன்று லட்சம் ரெக்கார்டுகள் உள்ள டேபிள் ஒன்று, ரெக்கார்டுக்கு 200 பைட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 எம்பி. ஒரு நொடிக்கு 1 கிகாபிட் போகும் கேபிளில் இதை முழுதாகக் காப்பி செய்ய அரை நொடி போதும். ஆனால் புரோகிராம் இதையே 4 கிலோபைட் துண்டுகளாக, ஒன்று வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்டு, தலையிலிருந்து வால் வரை படித்தால் சுமார் 15,000 நடை ஆகும்.

1. கேபிளில் ஒரு நடைக்கு 0.5 மில்லி நொடி என்றால்: 7.5 நொடி.
2. வைஃபையில் 3 மில்லி நொடி என்றால்: 45 நொடி.
3. வேறு ஊரிலிருந்து வி.பி.என். வழியாக 40 மில்லி நொடி என்றால்: 10 நிமிடம்.

இண்டெக்ஸ் சரியாக இருந்து அதன் வழியாகத் தேடினால் அதே ரெக்கார்டு நாலைந்து நடையில் கிடைத்துவிடும். வி.பி.என்.னில்கூட கால் நொடிக்குள்.

மூன்று கணக்கிலும் கோப்பு ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். மாறியது நடைக்கான நேரம் மட்டும். பெரிய கோப்பைக் காப்பி செய்து பார்க்கும் சோதனை குழாய் எவ்வளவு அகலம் என்று காட்டும். பழைய மென்பொருளுக்கு அகலம் கிட்டத்தட்ட தேவையே இல்லை, அது குழாயை நிரப்புவதே கிடையாது. கிகாபிட் சுவிட்சை எடுத்துவிட்டுப் பத்து கிகாபிட் போட்டும் பில் வேகமாகவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் பணத்தை அகலத்தில் போட்டவர்கள்.

முதல் ஆளுக்குக் கிடைக்கும் சலுகை: ஆப்லாக்

காலையில் முதலில் வருகிறவருக்கு மென்பொருள் பறக்கிறது. இரண்டாமவர் தன் கம்ப்யூட்டரில் அதைத் திறந்ததும் இருவருக்குமே படுத்துவிடுகிறது. அவர் மூடினால் மறுபடி சரி. இந்தப் புகாரைக் கேட்டதும் பலர் வைரஸ் என்பார்கள், சர்வர் பலவீனம் என்பார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை.

விண்டோஸ் நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர்வதற்கான மொழி எஸ்.எம்.பி. அதில் ஆப்லாக் என்று ஓர் ஏற்பாடு உண்டு. லாக் என்ற பெயரைப் பார்த்து அதைப் பூட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அது ஓர் அனுமதி. ஒரு கோப்பை ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் திறந்திருக்கிறது என்றால், சர்வர் அதனிடம், "இப்போதைக்கு நீ மட்டும்தான். படித்ததை உன்னிடமே வைத்துக்கொள், எழுதுவதையும் சேர்த்துவைத்து அனுப்பு, ரெக்கார்டு பூட்டுவதற்குக்கூட என்னிடம் வர வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறது. அந்தக் கம்ப்யூட்டரும் அடுத்து வரப்போவதை முன்கூட்டியே படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அந்த 15,000 நடை சில நூறாகச் சுருங்கிவிடும். இரண்டாவது தடவை படித்தால் நடையே கிடையாது.

இரண்டாவது கம்ப்யூட்டர் அதே கோப்பை எழுதும் உரிமையோடு திறக்க வந்ததும் நிகழ்வது:

1. சர்வர் இரண்டாவது ஆளைக் காத்திருக்க வைக்கிறது.
2. முதல் கம்ப்யூட்டருக்கு "சலுகை முடிந்தது, கையிலிருப்பதைத் திருப்பிக் கொடு" என்று செய்தி போகிறது. இதற்கு ஆப்லாக் முறிவு என்று பெயர்.
3. முதல் கம்ப்யூட்டர் எழுதிச் சேர்த்துவைத்தவற்றையும் ரெக்கார்டு பூட்டுகளையும் சர்வருக்கு அனுப்பிவிட்டு, "சரி" என்கிறது.
4. அதன் பிறகே இரண்டாவது ஆளுக்குக் கோப்பு திறக்கிறது.
5. அப்புறம் இருவருக்கும் சலுகை இல்லை. ஒவ்வொரு சிறு வாசிப்பும் சர்வர் வரை ஒரு நடை.

ஆக, இரண்டாவது ஆள் வந்ததும் மென்பொருள் மெதுவாகிவிட்டது என்பதைவிட, அதன் உண்மையான வேகம் அப்போதுதான் தெரிந்தது என்பதே சரி. முதல் ஆள் பார்த்தது கடன் வாங்கிய வேகம். ஒரே ஆளாக உட்கார்ந்து சோதித்துவிட்டு "எல்லாம் நன்றாக ஓடுகிறது" என்று கையெழுத்து வாங்கிப் போகும் நிறுவல்காரர்கள் மறுநாள் திட்டு வாங்குவதும் இதனால்தான்.

மூன்றாவது படியில் முதல் கம்ப்யூட்டர் பதிலே சொல்லாவிட்டால்? மூடி வைத்த லேப்டாப், வைஃபை அறுந்துபோன ஒன்று. விண்டோஸ் சர்வர் அதற்காக வழக்கமாக 35 நொடி வரை காத்திருக்கும். திரை உறைந்துபோய், ஏறத்தாழ அரை நிமிடம் கழித்து எதுவுமே நடக்காததுபோல் தொடர்ந்தால், பதில் சொல்லாத கம்ப்யூட்டர் எது என்றுதான் முதலில் தேட வேண்டும்.

புதிய விண்டோஸ் மாற்றியவை

எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பில் ஆப்லாக்கை ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் இடம்) வழியாக நிறுத்த முடிந்தது. டி.பி.எஃப். கோப்புகள் கெட்டுப்போகாமல் இருக்கப் பல மென்பொருள்காரர்கள் அப்படியே செய்யச் சொன்னார்கள். எஸ்.எம்.பி. 2 விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. அதில் அந்தப் பழைய ரெஜிஸ்ட்ரி வழி செல்லாது. விண்டோஸ் 7 காலத்து 2.1 பதிப்பில் ஆப்லாக்கின் இடத்தில் லீஸ் என்ற விரிவான ஏற்பாடும் சேர்ந்தது. அதனால் ஒரு குறுக்குவழி ஊர் ஊராகப் பரவியது: எஸ்.எம்.பி. 2-ஐ அணைத்துவிட்டு முதல் பதிப்புக்கே திரும்பிவிடு.

அந்தக் குறுக்குவழி 2017 மே மாதத்தில் பல்லிளித்தது. வானக்ரை என்ற பணம்பறி நிரல் எஸ்.எம்.பி. முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் வரை முடங்கின. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போட்டவர்கள்தான் குறைவு. அந்த ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி. 1 புதிய நிறுவல்களில் இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. இன்றும் "எஸ்.எம்.பி. 1-ஐப் போட்டால் ஃபாக்ஸ்ப்ரோ சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், வீட்டுக் கதவைக் கழற்றினால் காற்று வரும் என்பது போன்ற யோசனை அது. காற்று வரும்தான்.

சலுகையை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் இப்போது வேறு வழி உண்டு. புதிய விண்டோஸ் சர்வர்களில் குறிப்பிட்ட ஒரு ஷேருக்கு மட்டும் பவர்ஷெல் என்ற கட்டளைத் திரை மூலம் லீஸை நிறுத்தலாம். லினக்ஸில் சாம்பா (விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குக் கோப்புகளைப் பகிரும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் டி.பி.எஃப்., சி.டி.எக்ஸ். கோப்புகளுக்கு மட்டும் ஆப்லாக் மறுக்கலாம், மற்றக் கோப்புகளுக்குச் சலுகை தொடரும். ஆனால் இதனால் கிடைப்பது வேகமல்ல. முறிவுக்கான காத்திருப்பு போகும், கோப்பு கெடும் வாய்ப்பு குறையும், முதல் ஆளின் பறக்கும் வேகமும் சேர்ந்தே போகும். எல்லாருக்கும் ஒரே சீரான நடை.

எஸ்.எம்.பி. 2-இல் இன்னும் ஒன்று உண்டு. ஃபோல்டரில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்பதை மேசைக் கம்ப்யூட்டர் 10 நொடி வரை நினைவில் வைத்துக்கொள்ளும். "அந்தக் கோப்பு இல்லை" என்ற பதிலை 5 நொடி வைத்துக்கொள்ளும். ஒரு கம்ப்யூட்டர் அடையாளக் கோப்பு ஒன்றை உருவாக்கி, இன்னொன்று அதைப் பார்த்து வேலையைத் தொடங்கும்படி எழுதிய பழைய புரோகிராம்கள் இதனால் குழம்பும். இந்த நேரங்களை ரெஜிஸ்ட்ரியில் பூஜ்ஜியமாக்கலாம். குழப்பம் தீரும், நடை கூடும். இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

கடைசியாக, 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு. இதன் ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில் எஸ்.எம்.பி. செய்திகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் இயல்பாகவே கட்டாயம். நடுவில் யாரும் செய்தியை மாற்றவில்லை என்பதற்கான சான்று அது. நல்ல சர்வர்களுக்கு இது பொருட்டே இல்லை. சிறிய பிராசஸர் உள்ள பழைய நாஸ் பெட்டிகள் (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டிகள்) திணறலாம், கையொப்பமே தெரியாதவை இணைய மறுக்கலாம். கையொப்பத்தை அணைப்பதைவிடப் பெட்டியை மாற்றுவது நல்லது.

எங்கிருந்து தேடத் தொடங்குவது

ஒரே வேலையை, உதாரணமாக ஒரு குறிப்பிட்ட மாத அறிக்கையை, கடிகாரம் வைத்து மூன்று இடங்களில் ஓட்டிப் பாருங்கள்.

1. சர்வரிலேயே உட்கார்ந்து, வேறு யாரும் உள்ளே இல்லாதபோது. இங்கேயே மெதுவென்றால் நெட்வொர்க்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்க், ஆன்டிவைரஸ், அல்லது இண்டெக்ஸ்.
2. ஒரு மேசைக் கம்ப்யூட்டரிலிருந்து, கேபிளில், தனியாக. முதல் சோதனையில் வேகம், இதில் மெது என்றால் நடை நேரம், சர்வரைப் பெயர் வைத்துத் தேடுவது, அந்தக் கம்ப்யூட்டரின் ஆன்டிவைரஸ் ஆகிய மூன்றில் ஒன்று.
3. இரண்டாவது கம்ப்யூட்டரையும் உள்ளே விட்டு. இங்கே மட்டும் விழுந்தால் ஆப்லாக் விஷயம்.

ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தில் படித்தது நினைவகத்தில் தங்கிவிடுவதால் இரண்டாவது எப்போதும் நல்லபடியாகத் தெரியும்.

இதற்குமேல் போக வேண்டுமானால் மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியான பிராசஸ் மானிட்டரை மேசைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். புரோகிராம் எந்தக் கோப்பை எத்தனை முறை தொட்டது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று வரிவரியாகக் காட்டும். ஒரு பில்லுக்கு ஒரே டேபிளைத் திறந்து மூடி, திறந்து மூடி, நூறு வரி ஓடுவதைப் பார்த்தால் அதற்குப் பிறகு யாரும் கேபிளைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

திரையில் ரெக்கார்டைப் பூட்ட முயல்வதாகச் செய்தி வந்து நின்றால் அது மெதுவான கோப்பு அல்ல. யாரோ ஒருவர் பில்லைப் பாதியில் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்.

வழக்கமாக அகப்படுபவை

ஆன்டிவைரஸ்தான் முதல் ஆள். கோப்பைத் திறக்கும்போதும் மூடும்போதும் அது உள்ளே புகுந்து பார்க்கும். சர்வரில் ஒரு தடவை, மேசையில் ஒரு தடவை என்று இரட்டிப்பாகவும் பார்க்கும். டேட்டா ஃபோல்டரின் டி.பி.எஃப்., சி.டி.எக்ஸ்., எஃப்.பி.டி. கோப்புகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்து மறுபடி நேரம் பாருங்கள். முழு ஷேருக்கும் விலக்கு கொடுப்பது சோம்பேறித்தனம். அதே ஷேரில் இ.எக்ஸ்.இ. கோப்புகளும் இருக்கும்.

அடுத்தது பெயர். எப்போதோ கழற்றிப்போட்ட பழைய சர்வரின் பெயர் ஏதோ ஒரு பாத் வரியிலோ, மேப் செய்த டிரைவிலோ, ஷார்ட்கட்டிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். புரோகிராம் ஒவ்வொரு கோப்பையும் தேடும்போது செத்த சர்வரையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கும். தொடங்க மட்டும் பல நொடி ஆகி, பிறகு ஒழுங்காக ஓடினால் இதைப் பாருங்கள்.

சிறிய அலுவலகங்களில் ஒரே பெட்டிதான் பயனர் கணக்குகளைக் கவனிக்கும் டொமைன் கன்ட்ரோலர், அதுவே ஃபைல் சர்வர். அந்தக் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரி, தன் டேட்டாபேஸ் இருக்கும் டிஸ்கில் எழுதுவதைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் கேஷை அணைத்துவிடும், மின்சாரம் போனால் பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக. ஃபாக்ஸ்ப்ரோ கோப்புகளும் அதே டிஸ்கில் இருந்தால் எழுதும் ஒவ்வொரு வேலையும் தரையில் நடந்து போகும். டேட்டாவை வேறு டிஸ்குக்கு மாற்றினால் போதும்.

சாம்பாவுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. லினக்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறு வேறு. விண்டோஸில் ஒன்றுதான். கேட்ட பெயர் அப்படியே கிடைக்காதபோது சாம்பா ஃபோல்டர் முழுவதையும் வாசித்து ஒப்பிட வேண்டியிருக்கும். ஃபோல்டரில் பல்லாயிரம் கோப்புகள் குவிந்திருந்தால் "இந்தக் கோப்பு இருக்கிறதா" என்ற கேள்வியே பெருஞ்செலவு. பழையவற்றை வேறு ஃபோல்டருக்கு ஒதுக்குங்கள். விண்டோஸ் சர்வரிலும் நெரிசல் நல்லதல்ல. ஆனால் அதற்கு மருந்தாகச் சொல்லப்படும் "எட்டு எழுத்துக் குறும்பெயரை அணைத்துவிடு" என்பதை டாஸ் காலத்துப் புரோகிராம் ஓடும் இடத்தில் செய்யாதீர்கள். அதற்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான்.

புரோகிராமுக்குள்

ஃபாக்ஸ்ப்ரோவின் பெருமை 1991-இல் வந்த ரஷ்மோர் என்ற தேடல் நுட்பம். இண்டெக்ஸை மட்டும் வைத்து எந்த ரெக்கார்டுகள் வேண்டும் என்று முடிவு செய்துவிடும். நிபந்தனை ஒன்றுதான்: கேள்வியும் இண்டெக்ஸும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பெயரைப் பெரிய எழுத்தாக்கி இண்டெக்ஸ் செய்துவிட்டு, கேள்வியில் வெறும் பெயரைக் கேட்டால் ரஷ்மோர் ஒதுங்கிக்கொள்ளும், முழு டேபிளும் வரும். 1998-இல் ஐயாயிரம் ரெக்கார்டு இருந்தபோது இந்தத் தவறு யாருக்கும் தெரிந்திருக்காது. இன்று மூன்று லட்சம் ரெக்கார்டில் அதே வரி அரை நிமிடம் சாப்பிடும். சர்வர் மாறியதால் மெதுவாகிவிட்டது என்று நினைக்கும் பல இடங்களில், இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த டேட்டா அன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

அழித்த ரெக்கார்டு டி.பி.எஃப்.பிலிருந்து போவதில்லை, குறியிட்டு ஒதுக்கப்படும், அவ்வளவே. பேக் என்ற கட்டளையை ஓட்டினால்தான் போகும். பேக் செய்யவும் இண்டெக்ஸை மறுபடி கட்டவும் எல்லாரும் வெளியே இருக்க வேண்டும், கையில் ஒரு காப்பியும் இருக்க வேண்டும். முடிந்த ஆண்டுகளின் கணக்கைத் தனி ஃபோல்டருக்கு மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

தற்காலிகக் கோப்புகளை உள்ளூர் டிஸ்குக்குத் திருப்பிவிட கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி போதும். அது இல்லாத சில பழைய நிறுவல்களில் வரிசைப்படுத்தும் வேலைக்கான கோப்புகூடச் சர்வருக்குப் போய்த் திரும்பும்.

ஆக்சஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன உத்தி. டேட்டா கோப்பைத் திறக்கும்போது ஆக்சஸ் பக்கத்திலேயே ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்கும், கடைசி ஆள் மூடும்போது அழிக்கும். ஒவ்வொரு திரைக்கும் இது நடந்தால் பெருந்தாமதம். புரோகிராம் தொடங்கும்போதே சர்வரிலுள்ள ஏதாவது ஒரு சிறிய டேபிளைத் திறந்து, கடைசி வரை மூடாமல் வைத்தால் அந்த வரத்துப்போக்கு நின்றுவிடும்.

நடையையே ஒழிப்பது

மேலே சொன்னவை நடையைக் குறைக்கும், அல்லது நடைக்கான நேரத்தைக் குறைக்கும். கேபிள் போட்ட ஒரே கட்டடத்து அலுவலகத்துக்கு இதுவே போதும். வைஃபையில் இருப்பவர்களைக் கேபிளுக்கு மாற்றுவது மட்டும் சில இடங்களில் பாதி புகாரைத் தீர்த்துவிடும்.

கிளை அலுவலகத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ வி.பி.என். வழியாக டி.பி.எஃப். திறப்பதற்கு மட்டும் எந்த அமைப்பு மாற்றமும் உதவாது. 40 மில்லி நொடியை யாராலும் அரை மில்லி நொடியாக்க முடியாது. இணைப்பு நடுவில் அறுந்தால், டேபிளில் எழுதியது ஏறி இண்டெக்ஸில் எழுதியது ஏறாமல் போகும். இரண்டும் பொருந்தவில்லை என்ற செய்தியோடு மறுநாள் காலை விடியும். இங்கே செய்ய வேண்டியது புரோகிராமையே டேட்டா இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது: சர்வரிலோ அதன் பக்கத்து கம்ப்யூட்டரிலோ ரிமோட் டெஸ்க்டாப்பில் அதை ஓட்டி, திரையின் படத்தை மட்டும் தூரத்துக்கு அனுப்புவது. விண்டோஸ் சர்வரில் உரிமம் வாங்காமல் கிடைக்கும் இரண்டு இணைப்புகளும் நிர்வாக வேலைக்கு மட்டும். பில் போடுகிறவர்களுக்கு ஆளுக்கோர் உரிமம் வாங்க வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை இந்த வழியில் ஒழுங்காக அச்சடிக்க வைக்கத் தனியாக ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள்.

டேட்டாவை, கேள்விக்குத் தானே தேடிப் பதில் அனுப்பும் எஸ்.க்யூ.எல். சர்வருக்கு மாற்றுவது நீண்டகால வழி. ஆனால் டேபிள்களை மட்டும் அங்கே ஏற்றிவிட்டுப் பழைய புரோகிராமை அப்படியே இணைத்தால், முதல் ரெக்கார்டிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக நகர்ந்து பார்க்கும் அதன் பழக்கமும் கூடவே வரும். மூன்று லட்சம் வரிகளைக் கேட்டு வாங்கி அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். கேள்வியைச் சர்வரிடம் கேட்கும்படி அந்தந்த இடங்களை மாற்றி எழுத வேண்டும். எதை முதலில் மாற்றுவது என்பதற்குப் பிராசஸ் மானிட்டர் காட்டிய பட்டியலிலேயே விடை இருக்கும்: அதிக வரி எடுத்த திரை எதுவோ, அது.